கில்வரி பாருக்குப் பித்தளை

ஃபின்டன் கில்வரி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அவனுடைய பாரில் ஊறிப்போன மரத்தின் நாற்றம் அடித்தது. ஜனவரிப் புயலில் மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, கவுன்டர் பலகை உப்பி, சுவர்ப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. புயலடித்தபோது அவன் அதே கவுன்டருக்குப் பின்னால் ரத்த வாந்தி எடுத்துச் சரிந்து, கால்வே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

அவனைக் காரில் அழைத்து வந்தவள் அக்கா அட்ராக்டா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயுசின் பெரும்பகுதியை நர்ஸாகக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு தம்பிக்காகச் சொந்த ஊரான கிலேனாவுக்கே திரும்பியவள். கண் மஞ்சளித்து வயிறு வீங்கி வந்த எத்தனையோ ஆண்களின் கட்டிலோரம் நின்றிருக்கிறாள். அவர்களுடைய மனைவிமாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தனக்கு என்ன சொல்லிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

"இன்னொரு தடவ தொட்டீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டர் ஃபின்டனிடம் நேராகவே சொல்லியிருந்தார். ஃபின்டன் தலையாட்டினான். பள்ளிக்கூடத்தில் பாதிரியார் திட்டும்போதும் அவன் இப்படித்தான் தலையாட்டுவான்.

"வித்துடலாம்டா" என்றாள் அட்ராக்டா, பாரை ஒட்டிய வீட்டு அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டே. "உனக்கு எதுக்கு இந்தப் பார்? பாட்டிலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு குடிக்காம இருக்கறது மனுஷனால ஆகுற காரியமா?"

"வித்துட்டு? தபால் ஆபீஸ்ல உக்காந்து ஸ்டாம்பு ஒட்டவா? எனக்கு வேற என்ன தெரியும், அட்டி?"

சின்ன வயதிலிருந்தே அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் விற்கிற பேச்சை விட்டுவிட்டாள். இன்ஷூரன்ஸ் இருந்தது. பாரைப் புதுப்பிப்போம், வேலை முடிகிறவரை கதவு பூட்டியே இருக்கட்டும் என்று முடிவானது. மிச்சமிருந்த பாட்டில்களை எல்லாம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஜார்லத்தின் டிராக்டரில் ஏற்றி அனுப்பினாள். மூலை நாற்காலியில் முப்பது வருஷமாகக் குடியிருந்தவர் ஜார்லத். இனி எதிர்ச்சாரியில் இருந்த மோரன் பாருக்குத்தான் போக வேண்டும்.

"சொந்த ஊர்லயே என்னை அகதியாக்கிட்டியே, அட்ராக்டா. மோரன் கடை நாற்காலியில உக்காந்தா தேவாலயத்துல மண்டி போட்ட மாதிரி வலிக்குது."

"அப்படியாவது ஒரு தடவ மண்டி போடுங்க."

தச்சர் வந்தார், பூச்சு வேலைக்காரர்கள் வந்தார்கள். ஃபின்டன் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து, நடுங்கும் கைகளைத் தொடைகளுக்கு நடுவே சொருகிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவுன்டருக்கு எந்த மரம் என்று கேட்டால், "எதுவா இருந்தா என்ன?" என்பான். அட்ராக்டாவே ஓக் மரம் என்று சொல்லி அனுப்பினாள்.

மார்ச் மாதத்தில் டப்ளினிலிருந்து ஸ்வீனி வந்தார். பார்களுக்கும் ஓட்டல்களுக்கும் பித்தளைச் சாமான் செய்து கொடுக்கும் பட்டறையின் ஆள். குண்டான, மூச்சிரைக்கிற மனிதர். பெட்டியைத் திறந்து அடுப்படி மேசைமேல் பச்சைத் துணி விரித்து, ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டுகளை வரிசையாக வைத்தார்.

"கவுன்டர் அடியில கால் வெக்கிற கம்பி, அதுக்குத் தாங்கி, மேல் அலமாரிக்குச் சின்ன வேலி, சுவர் விளக்கு, பீர் குழாய், பை மாட்டற கொக்கி. எல்லாம் ஒரே நிறத்துல இருக்கணும் மிஸ் கில்வரி. ஒண்ணு மாறினாலும் கண்ணுக்கு உறுத்தும். இது மெருகு போட்டு வார்னிஷ் அடிச்சது. இது கீறல் மெருகு, கைரேகை தெரியாது. இது மருந்து போட்டுக் கறுக்க வெச்சது, பாத்தா பழசு மாதிரி. இது வெறும் பித்தளை, மேல ஒண்ணும் கெடையாது."

அட்ராக்டா வார்னிஷ் போட்டதை எடுத்தாள். துடைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தாள். அடுப்பருகிலிருந்து ஒரு கை நீண்டது. ஃபின்டன் எழுந்து வந்திருந்தான். துண்டை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனான். கை நடுங்கியதில் அதன்மேல் வெளிச்சமும் நடுங்கியது.

"இது கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச பொம்மை மாதிரி இருக்கு" என்றான். "யாரு தொட்டாலும் இதுக்குத் தெரியப் போறதில்ல."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் தானாக, யாரும் கேட்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"அது சரி சார்" என்றார் ஸ்வீனி. "ஆனா வெறும் பித்தளை மாறிக்கிட்டே இருக்குமே. எலுமிச்சம் சாறு பட்டா ஒரு நிறம், பீர் சிந்தினா ஒரு நிறம். உங்க ஊர்ல கடல் காத்து வேற, களிம்பு பூக்கும்."

"வார்னிஷ் போட்டது மட்டும் அப்படியே இருக்குமா?"

"பூட்ஸ் பட்டுப் பேர்ற வரைக்கும் இருக்கும். பேந்த எடம் மட்டும் கறுக்கும். அப்புறம் சொறி புடிச்ச நாய் மாதிரிதான்."

ஃபின்டன் சிரித்தான். துண்டுகளைக் கொஞ்ச நாள் இங்கேயே விட்டுப்போகச் சொன்னான்.

அன்று முதல் வீட்டின் நிலையே மாறிப்போனது. ஒரு துண்டைக் கொல்லை வேலியில் கடல் பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டான். ஒன்றை எலுமிச்சைப் பழத்தோடு துணியில் சுற்றி வைத்தான். ஒன்றைத் தரையில் இரண்டு செங்கல்மேல் நிறுத்தி, வருகிறவர்களை எல்லாம் கால் வைக்கச் சொன்னான். ஜார்லத் சேற்று பூட்ஸோடு நின்று, "கால் வெச்சுட்டேன். கையில ஒண்ணும் குடுக்க மாட்டியா? ஒரு ஆளை இப்படிப் பாதி பார்ல நிறுத்தறது நியாயமாடா?" என்று கேட்டார். அட்ராக்டா அவர் கையில் தேநீர்க் கோப்பையைத் திணித்தாள்.

பீரில் ஊறினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றான் ஃபின்டன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜார்லத்தே கொண்டு வரட்டும். நான் மோரன் கடைப் படியேற மாட்டேன்" என்றான். ஜார்லத் கறுப்பு பீர் ஒரு கோப்பையைச் சாசரால் மூடித் தெருவைக் கடந்து ஏந்தி வந்தார். ஃபின்டன் பித்தளைத் துண்டை அதற்குள் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

அந்தக் கோப்பை அங்கேயே இருந்தது. அட்ராக்டா பாத்திரம் கழுவும்போதும், ரொட்டிக்கு மாவு பிசையும்போதும் அதையே பார்த்தாள். அவன் வெளியே போன நேரத்தில் பீர் எங்கே நிற்கிறது என்று நகத்தால் அளந்தாள். மறுநாளும் அளந்தாள். அது குறையவில்லை. நுரை அடங்கி, மேலே ஆடை படிந்து, கடைசியில் ஃபின்டனே மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைத் தொட்டியில் கொட்டினான். கொட்டும்போது அவன் பார்த்ததெல்லாம் பித்தளையின் அடியில் படிந்த செம்பு நிறத்தைத்தான்.  அளந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் அவன் கறுக்க வைத்ததையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்தான். அப்படி முடிவுக்கு வந்த அன்றே அவனுடைய உற்சாகம் வடிந்துபோனது. மத்தியானம் படுத்தான். சாயங்காலம் எழுந்து, தெருப் பக்கத்து ஜன்னலில் நின்று மோரன் பாரின் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  அட்ராக்டா முதுகுப்புறத்திலிருந்து அதைப் பார்த்தாள். என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னாள்:

"அந்தக் கறுப்பு எனக்கு என்னமோ புடிக்கலடா. விளக்கு வெளிச்சத்துல பச்சையா தெரியுது."

அவன் திரும்பினான். "எந்த விளக்குல?"

"மஞ்சள் பல்புல."

அவன் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு விளக்கு விளக்காகப் போனான். அன்றைக்கு மோரன் கதவை அவன் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

இந்தத் தேடல் முடியாத வரை அவன் மோரன் கதவைத் தேடிப் போகமாட்டான் என்று அட்ராக்டா அப்போதுதான் கண்டுகொண்டாள். வார்டில் ஒரு மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால் அது ஏன் வேலை செய்கிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. அடுத்த வேளைக்கும் அதையே கொடுப்பார்கள். அவளும் கொடுத்தாள். ஏப்ரலில் கீறல் மெருகு அவளுக்கு மந்தமாகத் தெரிந்தது. மே மாதத்தில் விளக்கும் கம்பியும் ஒரே நிறமாக இல்லை என்றாள். ஸ்வீனி புதுத் துண்டுகளை அனுப்பினார், திரும்பவும் வந்தார், வந்து மூச்சிரைத்தார்.

"மிஸ் கில்வரி, பிஷப் வீட்டுக்குக்கூட நான் இத்தனை தடவ போனதில்ல. கவுன்டர் ரெடி, நாற்காலி ரெடி, சுவர் நல்லாக் காஞ்சு நிக்குது. இந்தக் கம்பி ஒண்ணுக்காகவா கதவை அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"நாளெல்லாம் கண்ணுல படற சாமான், மிஸ்டர் ஸ்வீனி. அவசரப்பட்டா ஆகுமா?"

ஊரில் கேலி பரவியது. போப்பாண்டவர் தேர்தலே முடிந்து, முடிவைச் சொல்லும் வெள்ளைப் புகை வந்துவிடும், கில்வரி கம்பிக்கு முடிவு வராது என்று மோரன் பாரில் பேசிக்கொண்டார்கள். ஜார்லத் அதை ஒன்று விடாமல் கொண்டுவந்து சொல்வார். ஃபின்டன் சிரிப்பான். முகத்தில் சதை பிடித்திருந்தது. கண்ணின் மஞ்சள் வெளுத்திருந்தது. ஞாயிறு பூசைக்கு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான், பன்றிக்கறியும் முட்டைக்கோசும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மற்ற பார்களில் பித்தளை எப்படிப் பழசாகியிருக்கிறது என்று நேரில் பார்க்க இருவரும் காரில் கிளம்பினார்கள். தம்பியைத் தானே பாருக்குப் பாராக அழைத்துப் போகிறோம் என்று அவளுக்கு உதறலாகத்தான் இருந்தது. ஸ்லைகோ நகரத்து ஓட்டல் ஒன்றில், பகல் வேளையில், ஃபின்டன் கவுன்டருக்கு அடியில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக் கால் கம்பியை உற்றுப் பார்த்தான். நடுவில் ஆட்கள் கால் வைக்கும் இடம் பொன்னாக மின்னியது, ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது.

பரிமாறுகிற பையன் அட்ராக்டாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டான். "மேடம், ஐயா கொஞ்சம் ஓவராக் குடிச்சிட்டாரா?"

"இல்லப்பா" என்றாள். "இருபது வருஷத்துல இப்பத்தான் அவன் குடிக்காம இருக்கான்."

கீழேயிருந்து ஃபின்டனின் சிரிப்பு கேட்டது. "அட்டி, இங்க வந்து பாரேன்!" முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு அவளும் மண்டியிட்டாள். இரண்டு பேரும் தரையில் கிடந்து கம்பியைப் பார்த்தார்கள். "வெறும் பித்தளைதான்" என்றான். "எங்க ஆள் நிக்கிறாங்களோ அங்க அதுவே மெருகேறிக்குது. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்." அவளுக்குத் தம்பி அத்தனை பக்கத்தில் இருந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அப்போதே அவளுக்குப் புரிந்தது, இந்த முறை அவன் உண்மையாகவே முடிவு செய்துவிட்டான் என்று. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே பயம் எழுந்தது.

மறுநாள் காலை ஃபின்டன் ஸ்வீனிக்குப் போன் போட்டு எல்லாச் சாமானையும் வெறும் பித்தளையில் வார்க்கச் சொன்னான். விசிலடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போனான். அவன் தலை மறைந்ததும் அட்ராக்டா போனை எடுத்தாள்.

"மிஸ்டர் ஸ்வீனி, அந்த ஆர்டரை நிறுத்தி வைங்க. அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். உருக்கற எடத்துல ஏதோ தாமதம்னு சொல்லிடுங்க. நான் சொல்றப்போ ஆரம்பிங்க."

ஸ்வீனி நேர்மையானவர். அவரால் மூன்று வாரம்தான் பொய் சொல்ல முடிந்தது. ஜூன் கடைசியில் ஃபின்டன் மறுபடி போன் செய்து, பட்டறைக்கே நேரில் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தபோது அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அட்ராக்டா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றான். சத்தம் போடவில்லை.

"ஆர்டரை நிறுத்துனியா?"

அவள் கையில் ஈரப் போர்வை இருந்தது. "ஃபின்டன், நான் சொல்றதக் கேளு..."

"பச்சையாத் தெரியுது, மந்தமாத் தெரியுதுன்னியே, அதெல்லாம்?"

அவள் போர்வையை இன்னொரு முறை பிழிந்தாள்.

"நான் பித்தளையப் பாத்துக்கிட்டிருந்தேன்னு நெனச்சேன். ஏதோ ஒரு வேலையச் சரியாச் செய்யறோம்னு நெனச்சேன். நீ அழற புள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கிட்டு இருந்திருக்க."

"முடிஞ்சிட்டா நீ என்ன செய்வன்னு பயமா இருந்துச்சுடா."

"முடிஞ்சா பாரைத் திறப்பேன். வேற என்ன செய்வாங்க?" அவன் குரல் அங்கேதான் உடைந்தது. "நான் விட்டுட்டேன் அட்டி. நெஜமாவே விட்டுட்டேன்னு நம்பிட்டு இருந்தேன். அந்த பீர் கிளாஸை அன்னிக்குக் கொட்டினப்பவே நான் விட்டாச்சு. அதையும் நீ அளந்துதான பாத்திருப்ப?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். அதுவரை எத்தனையோ பொய் சொன்னவளுக்கு அந்த ஒன்று வாயில் வரவில்லை. போர்வையைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவினாள். அவன் உள்ளே போய்விட்டான்.

அன்றே தன் படுக்கையை எடுத்துக்கொண்டு பாருக்கு மேலேயுள்ள அறைக்குப் போனான். அதற்குப் பிறகு அவளிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. பேசியபோதும் அட்டி என்று கூப்பிடவில்லை.

ஆகஸ்டில் பித்தளை வந்தது. ஸ்வீனியும் இன்னொரு ஆளும் இரண்டு நாள் மண்டியிட்டுப் பூட்டினார்கள். ஓக் கவுன்டருக்குக் கீழே அந்தக் கம்பி ஓடிய அழகைப் பார்த்து ஸ்வீனியே பின்னுக்கு நகர்ந்து நின்று, "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு செஞ்சதில்ல சார். உங்க கண்ணு நல்ல கண்ணு" என்றார். ஃபின்டன் நன்றி சொன்னான், மேலே போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் பார் திறந்தது. ஊரே வந்தது. ஜார்லத் சவரம் செய்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். மூலை நாற்காலிக்கு முன்னால் நின்று காலைத் தூக்கிக் கம்பிமேல் வைத்தார். "இப்பச் சொல்றேன் கேட்டுக்க, ஃபின்டன். என் காலு வீட்டுக்கு வந்திருச்சு." எல்லோரும் கைதட்டினார்கள். ஃபின்டன் எல்லோருக்கும் ஊற்றிக்கொடுத்தான், தனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். ஹாம் சாண்ட்விச் தட்டோடு நடுவே நடந்த அட்ராக்டா, அவன் கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தும் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

செப்டம்பரில் ஒரு காலை பாரைப் பெருக்க வந்தவள், அவன் கவுன்டரின் வெளிப்பக்கம், ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்று தேநீர்க் கோப்பையில் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். வாசலுக்கே விஸ்கி வாடை வந்தது. அவன் ஒளிக்கவில்லை.

"நீ நெனச்சதுதான் சரி" என்றான் சாதாரணமாக. "முடிஞ்சதுக்கப்புறம் ஒண்ணும் இல்லாமப் போச்சு."

அவள் கோப்பையைப் பிடுங்கவில்லை. கெஞ்சினாள். அழுதாள். பாதிரியாரைக் கூட்டி வந்தாள். ஜார்லத் ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் குடிக்காமல், கேலியும் பேசாமல், "ஏன்டா, ஏன்டா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபின்டன் எல்லோருக்கும் மரியாதையாகத் தலையாட்டினான்.

அடுத்த மாதமே கால்வேக்குக் கொண்டுபோனார்கள். கல்லீரல் வேலை நின்றால் விஷம் மூளைக்கு ஏறும், ஆள் அடையாளம் தெரியாது. அட்ராக்டா இதைப் பிறருக்கு எவ்வளவோ முறை விளக்கியிருக்கிறாள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் உதட்டை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவன் கண் திறந்தது. அவளை நேராகப் பார்த்தான்.

"சிஸ்டர்" என்றான், நர்ஸைக் கூப்பிடுகிற குரலில்.

"சொல்லுங்க."

"எங்க அக்கா வந்தா உள்ள விடாதீங்க."

 அவள் துணியை மறுபடி தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"சரி" என்றாள். "விடல."

அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து இறந்தான்.

அடக்கத்துக்கு ஸ்வீனி டப்ளினிலிருந்து வந்தார். கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் அவள் அவரைத் தனியே நிறுத்திக் கேட்டாள்: "அன்னிக்கு நான் ஆர்டரை நிறுத்தாம இருந்திருந்தா?" அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். அவருக்கும் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தார்.

பாரை அவள் வசந்தம் வரை நடத்திப் பார்த்தாள். ஆட்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் கால் கம்பியைப் பார்த்து, "யாரு செலக்ட் பண்ணது? ரொம்ப நல்லா இருக்கே" என்று கேட்டால், ஜார்லத் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கார்க் நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விற்றாள். சாவி கொடுக்கும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"பித்தளை எல்லாம் கறை கறையா இருக்கே ஆன்ட்டி. மெஷின் வெச்சுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சிடலாம்னு இவரு சொல்றாரு. உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"உங்க கடைம்மா" என்றாள் அட்ராக்டா. "உங்க இஷ்டம்."

லீட்ஸுக்குக் கிளம்ப அவள் ஃபின்டன் இருந்த மாடியறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது. தரைப்பலகை அதிர்ந்தது. எழுந்து கதவைச் சாத்தினாள். சத்தம் குறையவில்லை. ஃபின்டனின் சட்டைகளை என்ன செய்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அவற்றைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.